ஸ்வெட்டரில் படபடக்கும் மின்சாரமும் நம்ம அலுவலகக் கம்ப்யூட்டரும்

(நாடுகாணியில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில், கூட்டமைப்பின் கணக்காளர் பேசியதன் எழுத்து வடிவம்)



விழாவில் பேசணும் என்று தலைவி அக்கா சொன்னபோது, "சேமிப்பைப் பற்றிப் பேசவா, கடன் திருப்பத்தைப் பற்றிப் பேசவா" என்று கேட்டேன். "அதெல்லாம் எல்லாரும் பேசுவாங்க. நீ அந்தக் கம்ப்யூட்டர் கதையைச் சொல்லு. மறைக்காம சொல்லு" என்றார்கள். அதனால் இன்றைக்கு நான் செய்த ஒரு தப்பைத்தான் உங்க முன்னால் சொல்லப் போறேன். தப்பைச் சொல்ல மேடை ஏறினவள் நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

நம்ம அலுவலகம் எங்கே இருக்கு என்று உங்களுக்குத் தெரியும். கூடலூரிலிருந்து வர்ற ரோடு இங்கே நாடுகாணியில் ரெண்டாப் பிரியுது. ஒண்ணு மலை இறங்கி நிலம்பூர் பக்கம் போகுது. இன்னொண்ணு தேவாலா, பந்தலூர் வழியா சுல்தான் பத்தேரிக்குப் போகுது. ராத்திரி பகல் என்று இல்லாமல் லாரி போய்க்கிட்டே இருக்கும். மழைக்காலத்தில் சேறு, மழை விட்டால் புழுதி. ஜன்னலைச் சாத்தினாலும் மேசை மேல விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு தூசி.

அந்த வருஷம் மாசி மாசம். கம்ப்யூட்டரில் விசிறி ஊளையிடுகிற மாதிரி சத்தம் போட ஆரம்பிச்சுது. பின்பக்கம் கை வெச்சா அனலா அடிச்சுது. கொஞ்ச நேரம் வேலை பார்த்தா தானாவே அணைஞ்சுடும். தூசி அடைச்சிருக்கு, சுத்தம் பண்ணிட்டா சரியாப் போயிடும் என்று நானே முடிவு பண்ணினேன். தெரிஞ்ச வீட்டிலிருந்து ஒரு வேக்குவம் கிளீனர் வாங்கி வந்தேன். கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, அந்த உறிஞ்சுகுழாயை உள்ளே விட்டு ஒவ்வொரு மூலையா உறிஞ்சினேன். போதாததுக்கு நைலான் பிரஷ் போட்டுத் தேய்க்கவும் தேய்ச்சேன். நடுவில் ஒரு தடவை விரல் நுனியில் சுருக்கென்றது. "குளிர்காலத்தில் இப்படித்தானே இருக்கும்" என்று விட்டுட்டேன்.

பெட்டி பளபள என்று ஆயிடுச்சு. சத்தமும் குறைஞ்சுது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு வாரம் நல்லா ஓடிச்சு. அப்புறம் திடீர் திடீர் என்று திரை நீலமாகி நின்னுடும். ஒரு நாள் கடன் வசூல் கணக்கைப் பதிவு பண்ணும்போது அப்படியே உறைஞ்சு போச்சு. திரும்பப் போட்டா அந்தக் கோப்பு திறக்கவே இல்லை. பென்டிரைவில் இருந்த பழைய நகலை எடுத்து, விட்டுப் போன பதிவுகளை ராத்திரி உட்கார்ந்து அவசரத்தில் திரும்ப ஏற்றினேன். அதில்தான் ஒரு அக்காவோட ஒரு மாசத் தவணை விட்டுப் போச்சு.

அடுத்த கூட்டத்தில் பாக்கிப் பட்டியலை வாசிச்சாங்க. அந்த அக்கா பேர் வந்துது. ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. "நான் கட்டிட்டேனே" என்றார். "கம்ப்யூட்டரில் இல்லையே" என்று யாரோ சொன்னாங்க. இன்னொருத்தர், "மிஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டாங்க. அந்த அக்கா ஒரு வார்த்தை பேசலை. எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்க. அவங்க பேரை நான் இங்கே சொல்லப் போறதில்லை. கதையைச் சொல்ல மட்டும் அனுமதி வாங்கியிருக்கேன்.

அந்தக் கதையின் முடிவைக் கடைசியில் சொல்றேன். அதுக்கு முன்னாடி, என் விரலில் சுருக்கென்றது என்ன என்பதைப் பார்ப்போம். அதுக்குப் பேர் நிலைமின்சாரம்.

இது நமக்குப் புதுசு இல்லை. மார்கழி, தை மாசத்தில் ராத்திரி விளக்கை அணைச்சுட்டு ஸ்வெட்டரைத் தலை வழியாக் கழற்றிப் பாருங்க. பட பட என்று சத்தம் வரும். இருட்டில் சின்னச் சின்னப் பொறி தெரியும். முடி எழும்பி நிக்கும். பாலியஸ்டர் சேலை காலைச் சுற்றி ஒட்டிக்கும். பிளாஸ்டிக் சேரிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டா சுள் என்று அடிக்கும். "பேய் இருக்கு" என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவோம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

ரெண்டு வேறு வேறு பொருள் ஒண்ணோடொண்ணு உரசிப் பிரியும்போது, ஒண்ணுக்குள் இருக்கிற மின்துகள் கொஞ்சம் இன்னொண்ணுக்குப் போயிடும். எலெக்ட்ரான் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிறாங்களே, அதுதான். ஒரு பக்கம் கூடுதல், ஒரு பக்கம் குறைச்சல். வயரில் ஓடுற மின்சாரம் ஆறு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். இது குட்டை மாதிரி தேங்கி நிக்கும். வழி கிடைச்சதும் ஒரே தாவாத் தாவும். வானத்தில் இடி மின்னலாத் தாவுவதும், ஸ்வெட்டரில் படபடப்பதும் அடிப்படையில் ஒரே சங்கதிதான். அது யானை, இது எறும்பு, அவ்வளவுதான்.

ஆடி மாசத்தில் ஏன் சுள் என்று அடிக்கிறதில்லை? அப்போ நம்ம ஊரில் காற்றே தண்ணி மாதிரி இருக்கும். எல்லாப் பொருள் மேலயும் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் இருக்கும். தேங்கின மின்சாரம் அது வழியாகக் கசிஞ்சு போயிடும். மழை விட்டு, வறண்ட காற்று அடிக்கிற தை, மாசி, பங்குனியில் கசிய வழியில்லை, சேர்ந்துகிட்டே போகும். எலெக்ட்ரானிக்ஸ் பயிற்சிகளில் காட்டுகிற ஒரு கணக்கு இருக்கு. செயற்கை நூல் விரிப்பில் ஒருத்தர் நடந்தால், ஈரமான காற்றில் அவர் உடம்பில் 1,500 வோல்ட் வரை ஏறும். ரொம்ப வறண்ட காற்றில் அதே நடைக்கு 35,000 வோல்ட் வரை ஏறலாம்.

"நம்ம வீட்டுக் கரண்டே 230 வோல்ட்தானே, 35,000 ஏறினா நாம் எப்படி உயிரோட இருக்கோம்?" என்று கேட்பீங்க. நல்ல கேள்வி. மலை உச்சியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணியைக் கொட்டினா கீழே நிக்கிற ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. உயரம் பெரிசு, தண்ணி கொஞ்சம். வோல்ட் என்பது அந்த உயரம் மாதிரி. நிலைமின்சாரத்தில் உயரம் இருக்கு, அளவு இல்லை. கண் மூடித் திறக்கிறதுக்குள் தீர்ந்து போயிடும். வீட்டு மின்சாரம் அப்படி இல்லை. உயரம் குறைவு, ஆனா பின்னால் ஆறே நிக்குது. அதனால்தான் அது ஆளைக் கொல்லுது. ரெண்டையும் ஒண்ணா நினைச்சு வீட்டுக் கரண்டில் யாரும் அலட்சியமா இருக்கக் கூடாது.

நம்ம நீலகிரியிலேயே இந்த நிலைமின்சாரத்தை வேலைக்காரனா வெச்சிருக்கிற இடமும் உண்டு, எதிரியாப் பார்த்த இடமும் உண்டு.

வேலைக்காரனா இருக்கிற இடம் தேயிலை ஃபேக்டரி. இங்கே நிறைய பேர் சலிக்கிற அறையில் வேலை பார்த்தவங்க இருக்கீங்க. தூள் காய்ஞ்சு வந்த பிறகு, அதில் இருக்கிற சிவப்பு நார், காம்புச் சக்கையை எப்படிப் பிரிக்கிறாங்க? கையால் பொறுக்கி மாளுமா? வரிசையா பி.வி.சி. உருளை சுத்தும். அது மேல ஃபெல்ட் துணி உரசிக்கிட்டே இருக்கும். உரச உரச உருளையில் மின்சாரம் ஏறும். கீழே தூள் ஓடும்போது லேசான நார் மட்டும் துள்ளிப் போய் உருளையில் ஒட்டிக்கும். கனமான தூள் கீழேயே போயிடும். சீப்பைத் தலையில் தேய்ச்சுக் காகிதத் துணுக்கைத் தூக்குவோமே, அதே வித்தைதான். ஈரப்பதம் 3 சதவீதம் அளவுக்குத் தூள் காய்ஞ்சிருக்கணும், காற்றும் வறண்டிருக்கணும். மழை நாளில் நார் சரியாப் பிடிக்கலை என்று மேஸ்திரி சத்தம் போட்டிருப்பார். காரணம் இதுதான்.

எதிரியாப் பார்த்த இடம் ஊட்டியில் இருந்த பிலிம் கம்பெனி. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960-ல் ஆரம்பிச்ச அரசு நிறுவனம். கல்யாண ஆல்பம், எக்ஸ்ரே என்று நாடு முழுக்க இங்கிருந்து பிலிம் போன காலம் ஒண்ணு இருந்தது. பிலிம் செய்கிற எந்தத் தொழிற்சாலைக்கும் நிலைமின்சாரம் பெரிய தலைவலி. கும்மிருட்டில் பிலிம் சுருள் உருளை மேல ஓடும்போது உரசிப் பொறி தட்டும். அந்த ஒரு பொறியின் வெளிச்சமே பிலிமில் பதிஞ்சு, இலை உதிர்ந்த மரக்கிளை மாதிரி கோடு விழுந்துடும். கழுவிப் பார்க்கும்போதுதான் கெட்டுப் போனது தெரியும். கெட்டது ஒரு நாள், தெரிவது இன்னொரு நாள். இந்தக் குணத்தை நினைவில் வெச்சுக்குங்க. என் கதையிலும் இதுதான் நடந்தது.

இப்போ கம்ப்யூட்டருக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்ற, மூளையான சிப் மேல சீப்பு மாதிரி அலுமினியத் தகடு வெச்சு, அதுக்கு மேல சின்ன விசிறி வெச்சிருப்பாங்க. பெட்டியின் பின்னாலும் ஒரு விசிறி. ஒரு பக்கம் குளிர்ந்த காற்றை இழுக்கும், இன்னொரு பக்கம் சூடான காற்றைத் தள்ளும். நம்மைப் போல அதுவும் மூச்சு விடுது. மூச்சோட நம்ம ரோட்டுப் புழுதி, தேயிலைத் தூள், ஸ்வெட்டர் பஞ்சு எல்லாம் உள்ளே போகும். தகட்டுக்கு நடுவில் தூசி கம்பளி மாதிரி படிஞ்சுடும். சூடு வெளியே வர முடியாது. அதனால் சுத்தம் பண்ணித்தான் ஆகணும். நான் சுத்தம் பண்ணினது தப்பில்லை. பண்ணின விதம்தான் தப்பு.

வேக்குவம் கிளீனரில் தூசியும் காற்றும் பிளாஸ்டிக் குழாய்க்குள் வேகமா உரசிக்கிட்டு ஓடும். சுத்தமான காற்று மட்டும் ஓடினா பெரிசா மின்சாரம் ஏறாது. தூசி கலந்து ஓடும்போதுதான் ஏறும். குழாய் நுனியில் அது சேர்ந்து நிக்கும். அந்த நுனியை நான் சிப்புகளுக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். என் ஸ்வெட்டர் ஒரு பக்கம், பிளாஸ்டிக் சேர் ஒரு பக்கம், நைலான் பிரஷ் ஒரு பக்கம். நாலு பக்கமும் உரசல்.

சுமார் 3,000 வோல்ட் இருந்தால்தான் நம்ம தோலுக்குச் சுருக்கென்று தெரியும். அதுக்குக் கீழே எவ்வளவு தாவினாலும் நமக்குத் தெரியாது. ஆனா கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சில பாகங்கள் 100 வோல்ட்டிலேயே அடிபட்டுப் போகும். சிப்புக்குள் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்த வெச்சிருக்கிற படலம் நம்ம தலைமுடியை விட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிசு. ஒரு சின்னப் பொறி போதும், அதில் ஓட்டை விழ. நமக்குச் சுருக்கென்று தெரிஞ்சுட்டா, அந்தச் சிப்புக்கு அது இடி விழுந்த மாதிரி.

இன்னொரு கொடுமை, சில சமயம் உடனே சாகாது. காயத்தோட கொஞ்ச நாள் ஓடும். பிறகு அங்கே இங்கே தடுமாறும், கடைசியில் நிக்கும். இன்னைக்குத் தொட்டது யார், நாளைக்கு நின்னது ஏன் என்று ரெண்டையும் முடிச்சுப் போடவே தோணாது.

சரி பண்ண வந்த தம்பி பெட்டியைத் திறந்து பார்த்துட்டு, "ரேம் போயிடுச்சு அக்கா" என்றார். ரேம் என்பது கம்ப்யூட்டர் அப்போதைக்கு அப்போது கணக்கை நினைவில் வெச்சுக்கிற பலகை. "நீங்க எப்படிச் சுத்தம் பண்ணினீங்க?" என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வெச்சார். நிலைமின்சாரம்தான் காரணம் என்று சத்தியம் பண்ண அவராலும் முடியாது, என்னாலும் முடியாது. அது கையெழுத்துப் போட்டுட்டுப் போறதில்லை. ஆனா நான் செய்த அத்தனையும் அதை வாங்க வாங்க என்று கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது.

அன்னைக்கு ராத்திரி என் மகளுக்குப் போன் போட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவள் வேலை. அந்தப் பக்கம் நம்ம பெண் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போறது ரொம்ப நாளா நடக்குது. 2006-ல் நோக்கியா அங்கே செல்போன் செய்ய ஆரம்பிச்சப்பவே, லைனில் நின்னது பெரும்பாலும் பெண்கள்தான். 2014-ல் அது மூடினாலும் வேற கம்பெனிகள் வந்துடுச்சு. ஓசூர் பக்கமும் இப்போ போறாங்க.

கதையைக் கேட்டுட்டு அவள் சிரிச்சாள். "அம்மா, எங்க கம்பெனியில் நீ உள்ளேயே வர முடியாது. ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லிடுவாங்க. தனிக் கோட்டு, தனிச் செருப்பு. கையில் பட்டை கட்டி, அது வேலை செய்யுதா என்று மிஷினில் தொட்டுக் காட்டி, பச்சை விளக்கு எரிஞ்சால்தான் லைனுக்குப் போகலாம்" என்றாள்.

அந்தப் பட்டையை மணிக்கட்டில் கட்டுவாங்க. அதிலிருந்து ஒரு வயர் எர்த்துக்குப் போகும். உடம்பில் மின்சாரம் சேரச் சேர மண்ணுக்கு இறங்கிடும். தேங்கவே தேங்காது. அவள் பட்டையை ஒரு தடவை என்னிடம் காட்டினாள். உள்ளே மின்சாரம் அதிகமா ஓடாமல் தடுக்கிற ஒரு சின்னப் பாகம் இருக்காம், ரெசிஸ்டர் என்று பேர். 10 லட்சம் ஓம் தடை. தவறிப்போய் நேர்க் கரண்ட்டைத் தொட்டாலும் ஆளைக் கொல்கிற அளவுக்கு ஓடாமல் அது காப்பாத்தும். அதனால் அக்காமார்களே, இதைக் கேட்டுட்டு வீட்டில் சும்மா ஒரு வயரைக் கையில் சுத்தி பிளக்கில் சொருகிடாதீங்க. அது உயிரை வாங்கிடும். பட்டை வேணும் என்றால் கடையில் விற்கிற சரியான பட்டைதான் வாங்கணும்.

பெரிய ஊர்களில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டரை ஒரே கூரைக்குள் வெச்சு, காற்றாலேயே குளிரவைக்கிற கட்டடங்கள் இருக்கு. நாம் ஜிபே பண்றது, பேங்க் கணக்கு எல்லாம் அப்படிப்பட்ட இடங்களில்தான் ஓடுது. அங்கே காற்று எவ்வளவு குளிர்ச்சி என்று மட்டும் பார்க்கிறதில்லை. எவ்வளவு ஈரம் என்றும் பார்க்கிறாங்க. ரொம்ப வறண்டா நிலைமின்சாரம், ரொம்ப ஈரமானா துரு. எல்லா இரும்புச் சட்டத்தையும் எர்த்தோட இணைச்சிருப்பாங்க. கோடி ரூபாய் போட்டுச் செய்கிற அந்த வேலையின் சாரத்தை நாம் பத்து பைசா செலவில்லாமல் செய்யலாம். அதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

ஒண்ணு. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கிற வேலை தெரிஞ்சவங்களுடையது. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் பண்ணிடுங்க. மழை தொடங்கும் முன்னே ஒரு தடவை, மழை விட்ட பிறகு ஒரு தடவை. நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரத்தை விடாதீங்க.

ரெண்டு. நாம் செய்யக்கூடியது வெளிப்பக்கம் மட்டும். சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி, லேசா நனைச்சுப் பிழிஞ்ச துணியால் துடைங்க. காற்று போகிற ஓட்டையில் மென்மையான முடி பிரஷ் போதும். வாயால் ஊதாதீங்க, எச்சில் ஈரம் போகும். வேக்குவம் கிளீனர் நுனியைக் கிட்டேயே கொண்டு போகாதீங்க.

மூணு. எப்போதாவது உள்ளே கை வெச்சே ஆகணும் என்றால், ஸ்வெட்டரைக் கழற்றிடுங்க, பருத்தித் துணியில் இருங்க. பிளக்கைப் பிடுங்குங்க. முதலில் பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பை வெறுங்கையால் தொடுங்க. ரெண்டு குடத்தை ஒரு குழாயால் இணைச்சா தண்ணி சமமாகுமே, அதே மாதிரி நீங்களும் பெட்டியும் ஒரே மட்டத்துக்கு வந்துடுவீங்க. சமமான பிறகு தாவ ஒண்ணும் இல்லை. வேலை முடியும்வரை ஒரு கை இரும்பிலேயே இருக்கட்டும். விசிறியைச் சுத்தம் பண்ணும்போது விரலால் பிடிச்சுக்குங்க, சுத்த விடாதீங்க. கரண்ட் வர்ற அந்த மூடின சின்னப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக் பிடுங்கின பிறகும் அதில் அடிக்கிற கரண்ட் மிச்சம் இருக்கும்.

நாலு. பென்டிரைவ் சொருகும்போதும் முதலில் இரும்பைத் தொட்டுட்டுச் சொருகுங்க. பென்டிரைவின் வாய்ப்பக்கத்தை விரலால் தொடாதீங்க. லேப்டாப் வெச்சிருக்கிற தங்கச்சிமார் கம்பளி மேல, மெத்தை மேல வெச்சு வேலை பார்க்காதீங்க. அடியில் இருக்கிற காற்று ஓட்டை அடைச்சுக்கும். குளிருது என்று கதவைச் சாத்திட்டு அறைக்குள் கரி போட்டுக் கணப்பு மூட்டாதீங்க. காற்றை வறளவைக்கிறது மட்டும் இல்லை, அந்த விஷக்காற்றில் தூக்கத்திலேயே உயிர் போயிடும்.

அஞ்சு. இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. நிலைமின்சாரம் ஒரே ஒரு தடவை சுள் என்று அடிச்சுட்டுப் போயிடும். அப்படி இல்லாமல் பெட்டியைத் தொடும்போதெல்லாம் விறுவிறு என்று கையில் ஓடிக்கிட்டே இருந்தா, அது நிலைமின்சாரம் இல்லை. எர்த் சரியில்லாமல் கரண்ட் கசியுது. உடனே அணைச்சுட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. லைன் வீடுகளில் மூணு பின் பிளக்கின் பெரிய பின்னை ஒடிச்சுட்டுச் சொருகுற வழக்கம் இருக்கு. அந்தப் பெரிய பின்தான் எர்த். அதை ஒடிக்கிறது நம்ம பாதுகாப்பை ஒடிக்கிறது. கோடையில் எர்த் குழி காய்ஞ்சு கிடந்தா தண்ணி ஊத்தச் சொல்லுங்க. சித்திரை, வைகாசியில் இடி இடிச்சா எல்லாப் பிளக்கையும் பிடுங்கிடுங்க. அந்த யானைக்கு இரும்பைத் தொடுற வைத்தியம் எல்லாம் செல்லாது.

இவ்வளவும் மிஷினுக்கு. இனிமேல் சொல்றது மனுஷிக்கு.

அந்த அக்கா எழுந்து போனாங்க என்றேன் இல்லையா? மறுநாள் காலையில் திரும்ப வந்தாங்க. கையில் ஒரு மஞ்சப்பை. அதிலிருந்து பாஸ்புக்கை எடுத்து என் மேசையில் வெச்சாங்க. அந்த மாசத் தவணை எழுதியிருக்கு. பக்கத்தில் கையெழுத்து. யார் கையெழுத்து? என் கையெழுத்துதான். குழுவின் ரொக்கப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தது. ரசீது அடிக்கட்டையிலும் இருந்தது. மூணு இடத்தில் மனுஷக் கை எழுதினது இருக்கு. இல்லாதது கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

எனக்கு அப்போ எங்கம்மா ஞாபகம் வந்துது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து கப்பல் ஏறி வந்த குடும்பம் எங்க குடும்பம். இங்கே பாதிப் பேர் வீட்டுக் கதை அதுதான். மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை எங்கம்மா தகரப் பெட்டியில், சேலைக்கு அடியில், கடைசிவரை வெச்சிருந்தாங்க. "நாம யாருன்னு நாம சொன்னா நம்ப மாட்டாங்க. காகிதம் சொன்னாத்தான் நம்புவாங்க" என்பாங்க. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், ஒருத்தி வாயால் சொன்னதையும் கேட்கலை, கையில் இருந்த காகிதத்தையும் பார்க்கலை. திரையில் இருந்ததை மட்டும் நம்பினேன்.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அந்த அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன். பாக்கி என்று எல்லார் முன்னாலும் வாசிச்சோம், பாக்கி இல்லை என்பதையும் எல்லார் முன்னாலும்தான் வாசிக்கணும் என்று தலைவி அக்கா சொன்னாங்க. வாசிச்சோம். தீர்மான நோட்டில் எழுதினோம். அந்த அக்கா ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் பெட்டிக்கும் உடம்பு சரியில்லாமப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் எங்கேயோ மறந்துட்டேனோ என்று ராத்திரி பூரா யோசிச்சேன்" என்றாங்க. எனக்கு அந்த வார்த்தைதான் இன்னும் வலிக்குது. கட்டினவங்களே தன்னைச் சந்தேகப்படுற மாதிரி ஆக்கிட்டோம்.

அன்னைக்குப் போட்ட தீர்மானம் நாலு. கைப்பேரேடு நிக்கக் கூடாது, கம்ப்யூட்டர் இருந்தாலும் எழுதணும். வாரம் ஒரு தடவை ரெண்டு பென்டிரைவில் நகல் எடுத்து, ஒண்ணு அலுவலகத்தில், ஒண்ணு பொருளாளர் வீட்டில் இருக்கணும். பாக்கிப் பட்டியலை வாசிக்கிறதுக்கு முன்னால் பாஸ்புக்கோட ஒத்துப் பார்க்கணும். யார் பேராவது பட்டியலில் வந்தா, முதலில் தனியாக் கூப்பிட்டுக் கேட்கணும், அப்புறம்தான் கூட்டத்தில். இந்த நாலையும் இன்னைக்குவரை நடத்திக்கிட்டு வர்றோம். உங்க குழுவிலும் எழுதி வெச்சுக்குங்க.

இன்னைக்கு எல்லாமே கம்ப்யூட்டருக்குப் போகுது. ஊரக வேலைத் திட்டக் கணக்கு, ரேஷன், வங்கிக் கடன், நம்ம குழுவோட தரம், எல்லாம். வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். அந்த மிஷினைப் பயந்தும் பார்க்காதீங்க, கும்பிட்டும் பார்க்காதீங்க. அதுவும் மூச்சு விடுது, சூடாகுது, தூசியில் திணறுது, ஒரு ஸ்வெட்டர் பொறியில் தடுமாறுது. நல்லாப் பார்த்துக்கிட்டா நல்லா உழைக்கும். அது சொல்றதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் சொல்றதும் ஒத்துப் போகலை என்றால், முதலில் அந்தப் பெண்ணோட பாஸ்புக்கைத் திறந்து பாருங்க.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் விளக்கை அணைச்சுட்டு ஸ்வெட்டரைக் கழற்றும்போது பட பட என்று கேட்டா, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்க. பேய் என்று சொல்லாதீங்க. அது என்ன என்று சொல்லிக் கொடுங்க. நம்ம பிள்ளைகள் நாளைக்கு அந்தச் சிப்பையே செய்யப் போறவங்க.